முளைத்த ஐந்து விரல்கள்!

1

“ஆ... ஆ... ஆ...!”

அந்த அலறலில் மூன்று மாடிக் கட்டடம் அதிர்ந்தது. ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்த புறா பறந்தே போய்விட்டது!

அலறியது ஓர் அழகான இளம்பெண் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. இந்த மாதிரிக் கதைகளில் அதுதான் மரியாதை. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே...

அலறியது யோகலிங்கம்.

வயது நாற்பத்தொன்பது. எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. உத்தியோகம், ஒஸ்லோவின் நோர்ஹைம் நூலகத்தில் காவலர். அதாவது, யாராவது அலறினால் ஓடிவர வேண்டியவரே அவர்தான்!

2008 மே மாதம். திங்கட்கிழமை. காலை எட்டு மணி பத்து நிமிடம்.

தரை துடைக்கும் தடியோடு ஓடி வந்தார் மேரியம்மா. அறுபது வயது. அந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்பவர்.

“என்ன தம்பி... எலியே?”

“எலி இல்லையக்கா... இதைப் பாருங்கோ!”

மேரியம்மா பார்த்தார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிரார்த்தனைப் புத்தகம். விரித்து வைத்தபடி. வலது பக்கத்தில் லத்தீன் எழுத்துகள். சுற்றிலும் தங்கக் கொடிகள். கொடியில் ஒரு நத்தை, இரண்டு பூக்கள், குரங்கு மாதிரி ஒன்று.

இடது பக்கத்தில்...

இடது பக்கமே இல்லை!

மாதாவும் மடியில் குழந்தை இயேசுவும் இருந்த படத்தாள், தையலை ஒட்டி, கத்தியால் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது!

“இயேசுவே...” மேரியம்மா நெஞ்சில் சிலுவை போட்டார். தடி கை நழுவி விழுந்தது.

அந்தப் புத்தகத்தைப் பற்றி நான்கு வரி சொல்லிவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், பொலிஸ் வரும் வரைக்கும் நமக்கும் வேறு வேலையில்லை.

பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரத்தில், ஐந்நூற்று முப்பது வருடங்களுக்கு முன், ஒரு துணி வியாபாரியின் மனைவிக்காகக் கன்றுத்தோலில் எழுதப்பட்ட ஃபிளெமிஷ் புத்தகம் அது. அவளுக்குப் பிறகு ஒரு கன்னியர் மடத்துக்குப் போனது. பிரெஞ்சுப் படை வந்து மடத்தைக் கலைத்தபோது தெருவுக்கு வந்தது. கடைசியில் அன்ட்வெர்ப் நகரத்தில் ஒரு பழம்பொருள் கடை. 1893-ல் கருவாடு ஏற்றிப் போன நோர்வேக் கப்பல் முதலாளி நோர்ஹைம், மனைவிக்குச் சரிகைத் துணி வாங்கப் போய் இதை வாங்கி வந்தார். மனைவி ஒரு வாரம் பேசவில்லையாம்!

இப்போது அது ஒரு அறக்கட்டளையின் சொத்து. புதன்கிழமை, கெண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நிபுணர் வந்து அதைப் பரிசோதிப்பதாக இருந்தது.

படிக்கட்டில் காலடிச் சத்தம்...

இயக்குநர் ஆர்வித்!

உயரம். வெள்ளித் தலை. கழுத்தில் பட்டுத் துணி. பெட்டியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, மேரியம்மாவைப் பார்த்தார்.

“பொலிஸைக் கூப்பிடுங்கள்!”

2

பொலிஸ் வந்தது. இருபத்தைந்து வயது. சீருடை. இறுக்கிக் கட்டிய கறுப்புக் கூந்தல்.

“ராகவி,” என்றாள், கை நீட்டியபடி. பிறகு யோகலிங்கத்தின் சட்டையில் இருந்த பெயரை வாசித்தாள். “அங்கிள்... நீங்கள் தமிழே?”

யோகலிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஓம் பிள்ளை! ட்வெய்ட்டாவிலை இருக்கிறன். நீங்கள்?”

“ஹவுகெட்டோ. பிறந்து வளந்ததெல்லாம் அங்கைதான். சரி, இப்ப உங்களிலையும் சந்தேகம் இருக்கு. அந்தக் கதிரையிலை இருங்கோ.”

வந்த உயிர் மறுபடி போய்விட்டது!

இயக்குநர் ஒரு கொப்பியோடு வந்தார். காவலர்கள் கையால் எழுதும் பதிவுக் கொப்பி. அவர் பேசியது நோர்வேஜிய மொழியில். நமக்கு வசதியாகத் தமிழில் கேட்போம்.

“நேற்று ஞாயிறு. நூலகம் பூட்டு. இந்த அறையில் அலாரம் நிறுத்தப்பட்டது மூன்று மணிக்கு. திரும்பப் போட்டது மூன்றரைக்கு. காவலரே எழுதியிருக்கிறார். அந்த அரை மணி நேரத்தில் கதவைத் திறந்தது ஒரே ஒரு அட்டை.”

“யாருடைய அட்டை?”

“மேரியம்மாவுடையது!”

ராகவி திரும்பினாள். தமிழில் கேட்டாள்.

“அன்ரி, நேற்று வந்தனீங்களே?”

“ஓம் பிள்ளை. வந்தனான்.”

“ஞாயிற்றுக்கிழமை கிளீனிங் இல்லையே. என்னத்துக்கு?”

மேரியம்மா தரையில் கிடந்த தடியைக் குனிந்து எடுத்தார்.

“அது... சொல்லேலாது பிள்ளை.”

“அன்ரி, நீங்கள் சொல்லாட்டி உங்களுக்குத்தான் பிரச்சினை.”

“சொன்னாச் சிரிப்பியள். நான் எடுக்கேல்லை. அவ்வளவுதான்.”

யோகலிங்கத்தின் நெற்றியில் வேர்வை அரும்பியது.

ஏன்?

ஏனென்றால் அந்தக் கொப்பியில் ஒரு பொய் இருந்தது. அதை எழுதியவர் அவர்தான்!

மேரியம்மா ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயிலில் பூசை முடிந்து நேரே இங்கே வருவார். புத்தகத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு அரை மணி நேரம் செபிப்பார். அவருடைய தங்கை குடும்பம் வன்னியில், சண்டைக்குள் இருந்தது. மூன்று மாதமாகத் தொலைபேசி இல்லை. யோகலிங்கம் இரக்கப்பட்டு அலாரத்தை நிறுத்தி வைப்பார். இரக்கம் தப்பில்லை. தப்பு அதற்குப் பிறகு...

நேற்றும் நிறுத்தினார். கீழே தன் அறைக்குப் போனார். மேசையில் ஒரு பாக்கெட் நாவல் பாதியில் இருந்தது. கொலைகாரன் யாரென்று கண்டுபிடிக்காமல் எழும்ப மனம் வரவில்லை. கடைசிப் பக்கம் முடித்து நிமிர்ந்தபோது மணி ஐந்து பத்து! பதறிப் போய் அலாரத்தைப் போட்டார். கொப்பியில் மட்டும் மூன்றரை என்று எழுதினார்.

கீழே காகிதக் கொலைகாரனை அவர் தேடிக்கொண்டிருந்தபோது, மேலே நிஜக் கள்ளன் வேலையை முடித்துவிட்டான்!

இன்னொரு வெட்கக்கேடு. நாவலிலும் அவர் சந்தேகப்பட்டது தப்பான ஆளை!

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும். வீட்டுக் கடன் இருபது வருடம். மகன் பல்கலைக்கழகத்தில்.

பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் மேரியம்மாவைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறதா?

இருக்கிறது! உண்மையான கள்ளனை இந்த நிமிடமே பிடித்துவிட்டால்?

அவர் கண்கள் அறையைச் சுற்றின. வாசலில் இங்கிரிட் நின்றுகொண்டிருந்தாள். பழைய நூல்களைப் பழுது பார்ப்பவள். கத்தி பிடிக்கத் தெரிந்தவள். அவள் விரல் நுனிகள்...

நீலம்!

மாதாவின் மேலங்கியின் நிறம்!

யோகலிங்கம் கதிரையை விட்டு எழுந்தார். கையை நீட்டினார். முப்பது வருடம் வாசித்த அத்தனை கதைகளும் அவர் தொண்டைக்குள் திரண்டன.

“குற்றவாளி... இந்த அறைக்குள்ளேயே நிற்கிறார்! இங்கிரிட், உங்கள் விரல்களைக் காட்டுங்கள்!”

எல்லாரும் இங்கிரிட்டின் பக்கம் திரும்பினார்கள்.

இங்கிரிட் விரல்களைப் பார்த்தாள். ஒன்றை வாயில் வைத்துச் சூப்பினாள்.

“புளூபெரி ஜாம்,” என்றாள். “காலையில் வாஃபிள் சாப்பிட்டேன். உங்களுக்கும் ஒன்று வைத்திருந்தேன், யோகா.”

இயக்குநர் உரக்கச் சிரித்தார்.

ராகவி சிரிக்கவில்லை. “அங்கிள்,” என்றாள் மெதுவாக. “இருங்கோ.”

இருந்தார்.

பத்து நிமிடத்தில் மேரியம்மாவை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். படியிறங்கும்போது அவர் யோகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை.

அதுதான் அவரைக் கொன்றது.

3

“விசரே உங்களுக்கு?”

புஷ்பராணி, யோகலிங்கத்தின் மனைவி. மதியம் இரண்டு மணி. எதிரே சோறு ஆறிக்கொண்டிருந்தது. யோகலிங்கம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தார்.

“அந்த மனுசி பாவம் உங்களைக் காட்டிக் குடுக்கேல்லை. ‘அலாரத்தை நிப்பாட்டினது அவர்தான்’ எண்டு ஒரு வசனம் சொல்லியிருந்தா நீங்களும் இப்ப உள்ளை!”

“தெரியும்...”

“தெரிஞ்சுகொண்டு என்னத்துக்குச் சோறு சாப்பிடுறியள்?”

“நான் எங்கை சாப்பிடுறன்? பிசைஞ்சுகொண்டெல்லோ இருக்கிறன்!”

“இஞ்சேருங்கோ. வேலை போனா வேறை வேலை. நான் பேக்கரியிலை இன்னும் ரெண்டு நாள் கூடச் செய்வன். எழும்புங்கோ!”

“பொலிஸுக்கோ?”

“முதல் மேரியக்காவிட்டை. அவவைப் பொலிஸ் விட்டாச்சாம், ஃபோன் பண்ணிக் கேட்டனான். போய் மன்னிப்புக் கேட்டிட்டுப் பொலிஸுக்குப் போங்கோ.”

யோகலிங்கம் கை கழுவினார்.

4

குரோருட். ஐந்தாம் மாடி. மேரியம்மாவின் வீடு.

கதவைத் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி: “சாப்பிட்டனீங்களே தம்பி?”

யோகலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“அக்கா, என்னை மன்னிக்க வேணும். நான் எழுதின பொய்யாலைதான் நீங்கள் மாட்டுப்பட்டனீங்கள். இப்ப போய்ச் சொல்லப் போறன்.”

“உங்கடை வேலை?”

“போகட்டும். ஆனா ஒண்டு கேக்கிறன் அக்கா. செபிக்கத்தானே வந்தனீங்கள்? அதை ஏன் பொலிஸிட்டைச் சொல்லேல்லை?”

மேரியம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“செபிக்க எண்டு சொன்னா, ஏன் இஞ்சை எண்டு கேப்பினம். கோயில் இருக்கே. அப்ப நான் மற்றதையும் சொல்ல வேணும்.”

“மற்றது எண்டா?”

“அற்புதம் தம்பி.”

“என்னது?”

“சிரிக்கக் கூடாது.”

“புளூபெரி ஜாமுக்குப் பிறகு நான் ஒருத்தரையும் பாத்துச் சிரிக்கேலாது அக்கா. சொல்லுங்கோ.”

மேரியம்மா குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியும். சின்னனிலை எங்கடை ஊர்க் கோயிலிலை லத்தீன் பூசைதானே. அந்தப் பக்கத்திலை முதல் வரி ‘இந்த்ரோயிபோ அத் அல்தாரே தேயி’. பூசை தொடங்கேக்கை சுவாமியார் சொல்லுறது. ரெண்டு வருசத்துக்கு முதல் தூசு துடைக்கேக்கை தற்செயலா வாசிச்சிட்டன். நோர்வே வந்து இருவது வருசத்திலை, அண்டைக்குத்தான் வீட்டிலை இருக்கிற மாதிரி இருந்தது.”

“ம்...”

“படத்திலை பாலன் இயேசுவின்ரை வலது கால் தேஞ்சு போயிருந்தது. காலே இல்லை, வெறும் தோல்தான். இங்கிரிட் பிள்ளை சொன்னா, அந்தக் காலத்திலை செபிக்கிற ஆக்கள் படத்துக்கு முத்தம் குடுத்துக் கொஞ்சுவினமாம். ஆரோ ஒரு தாய் கொஞ்சிக் கொஞ்சித் தேய்ச்சிருக்கிறா.”

“சரி...”

“இந்த மாசி மாசம், ஒரு ஞாயிறு போறன்... கால் இருக்குது தம்பி!”

“என்ன?”

“கால்! அஞ்சு விரலும் முளைச்சிருக்குது! நகம்கூட இருக்குது!”

யோகலிங்கம் கதிரையை முன்னால் இழுத்தார்.

“நான் அப்பிடியே விழுந்து அழுதன். தங்கச்சி குடும்பத்துக்கு ஒண்டும் நடக்காது, அதுக்குத்தான் இந்த அடையாளம் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவற விடேல்லை. இதைப் பொலிஸிட்டை என்னண்டு சொல்லுறது?”

யோகலிங்கம் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

தோலில் வரைந்த கால் முளைக்காது. அது அவருக்குத் தெரியும். ஆனால் மேரியம்மா பொய் சொல்ல மாட்டார். அதுவும் தெரியும்.

அப்படியென்றால்...

“அக்கா... படம் மாறியிருக்குது!”

“என்ன?”

“மாசி மாசம் இயக்குநர் புத்தகத்தை வெளியிலை துப்பரவாக்க எண்டு கொண்டு போனவர். ஒரு கிழமை பெட்டி வெறுமையா இருந்தது. திருப்பி வந்ததிலை இருந்தது வேறை தாள்! ஆரோ பாத்து வரைஞ்ச நகல்! வரைஞ்சவனுக்குக் காலில்லாத பிள்ளையை வரைய மனம் வரேல்லை... அஞ்சு விரலையும் போட்டு விட்டிட்டான்!”

மேரியம்மா அசையவில்லை.

“அப்ப... அற்புதம் இல்லையே?”

அந்தக் குரலைக் கேட்டு யோகலிங்கத்தின் துப்பறியும் உற்சாகமெல்லாம் அப்படியே வடிந்தது. அவர் வாசித்த கதைகளில் எந்தத் துப்பறிவாளனும் இந்தக் கேள்வியைச் சந்தித்ததில்லை.

“தெரியேல்லை அக்கா,” என்றார் கடைசியில். “ஆனா உங்களைத் தவிர ஒருத்தரும் அந்தக் காலைப் பாக்கேல்லை.”

5

“இது பேவிஸ் இல்லை அங்கிள்,” என்றாள் ராகவி, நோர்வேஜியச் சொல் கலந்து. “ஆதாரம் வேணும். அன்ரி கண்டது மட்டும் போதாது.”

பொலிஸ் நிலையம். மாலை ஐந்து மணி.

யோகலிங்கம் தன் பொய்யை முதலில் சொல்லி முடித்திருந்தார். நிறுத்தாமல், மூச்சு விடாமல். ராகவி எல்லாவற்றையும் எழுதியிருந்தாள்.

“இந்த வாக்குமூலத்தாலை உங்கடை வேலை போகலாம். விளங்குதுதானே?”

“விளங்குது பிள்ளை. ஆதாரமும் கொண்டு வந்தனான்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு தபாலட்டையை எடுத்தார். நூலகக் கடையில் விற்பது. 1998-ல் எடுத்த படம். மாதா. மடியில் குழந்தை. வலது காலிருந்த இடத்தில் மங்கிய ஒரு வெள்ளைத் தழும்பு.

பிறகு கக்கத்தில் சுருட்டி வைத்திருந்ததை விரித்தார். முழு ஆள் உயரத்துக்கு ஒரு சுவரொட்டி! கோடைக் கண்காட்சிக்காக இந்தச் சித்திரை மாதம் அச்சடித்தது. அதே மாதா. அதே குழந்தை.

வலது காலில்... ஐந்து விரல்கள்!

ராகவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருமுறை. இருமுறை.

“ஃபான்!” என்றாள். நோர்வேஜிய வசவு. பெரியவர்களுக்கு முன்னால் சொல்லக் கூடாதது. “மன்னிக்க வேணும் அங்கிள்.”

“பரவாயில்லை. எனக்கும் அதுதான் வந்தது.”

“புதன்கிழமை நிபுணர் வந்து பாத்தா நகல் எண்டு பிடிபட்டுப் போகும். அதுக்கு முதல் தாள் காணாமல் போக வேணும். பழி போட ஒரு ஆள் வேணும். ஒவ்வொரு ஞாயிறும் அன்ரியின்ரை அட்டை கம்ப்யூட்டரிலை விழுந்தது இயக்குநருக்குத் தெரியும்...”

“ஆனா அவரின்ரை அட்டை பதியேல்லையே?”

“தோட்டத்துப் பக்கம் ஒரு பழைய கதவு இருக்கு. இரும்புத் திறப்பு. இங்கிரிட் சொன்னா, திறப்பு அவரிட்டை மட்டும்தான் இருக்காம். அதைக் கம்ப்யூட்டர் பதியாது!” ராகவி எழுந்து தொப்பியை எடுத்தாள். பிறகு நின்றாள். “அங்கிள், இவ்வளவு பெரிய சுவரொட்டி எங்காலை எடுத்தனீங்கள்?”

“குரோருட் ஸ்டேஷன் சுவரிலை...”

“கிழிச்சனீங்களோ?”

“மெதுவாத்தான்...”

“அதையும் எழுத வேணும்,” என்றாள் ராகவி. பேனாவை மறுபடி திறந்தாள்.

6

மறுநாள் காலை ஆர்வித்தின் மலைக் குடிசையில் அசல் தாள் கிடைத்தது. பனிச்சறுக்கு வரைபடங்களுக்கு நடுவில், மெல்லிய தாளில் சுற்றி, பத்திரமாக. வெளிநாட்டில் ஒருவர் அதை வாங்கக் காத்திருந்தார். ஞாயிறு வெட்டிய நகலை ஆர்வித் கணப்பில் எரித்துவிட்டாராம்.

ஆர்வித் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு ஆச்சரியம் தீரவில்லை. ஞாயிறு மேரியம்மா போனதும் ஒளிந்து வந்தால், அலாரம் நின்றபடியே இருந்தது. காவலர் அதைத் திரும்பப் போடுவதற்குள் அவசரம் அவசரமாக மூன்று நிமிடத்தில் வெட்டத் திட்டமிட்டிருந்தவர், நிதானமாக ஒரு கோப்பிகூடக் குடித்தாராம்!

வாக்குமூலத்தின் அந்த வரி யோகலிங்கத்தின் காவல் கம்பெனி முதலாளிக்கும் போனது.

புதன்கிழமை கடிதம் வந்தது. நூலகத்தில் அவருக்கு இனி வேலையில்லை. திங்கள் முதல் ட்வெய்ட்டா பக்கம் ஒரு வாகனத் தரிப்பிடத்தைக் காவல் காக்க வேண்டும். நிலத்துக்குக் கீழே. வெட்டி எடுக்க அங்கே எதுவும் கிடையாது.

“வீட்டுக்குக் கிட்டத்தானே,” என்றாள் புஷ்பராணி. “மத்தியானம் சோறு சூடா வந்து சாப்பிடலாம்.”

மேரியம்மாவுக்கு நூலகம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. நிபுணர் புத்தகத்தைப் பார்க்கும்போது அவரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இங்கிரிட் பிடிவாதம் பிடித்தாள். மேரியம்மாவோ, யோகலிங்கமும் வர வேண்டும் என்றார்.

நிபுணர் ஒரு குள்ளமான அம்மையார். இரண்டு மணி நேரம் பேசவில்லை. பூதக்கண்ணாடி, விளக்கு, மறுபடி பூதக்கண்ணாடி. மேரியம்மாவும் யோகலிங்கமும் ராகவியும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி.

கடைசியில் அவர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“புத்தகம் உண்மை,” என்றார். “அருமையான ப்ரூஜ் வேலை. அந்த ஊரில் படத்தாள்களைத் தனியாக வரைந்து நடுவில் வைத்துத் தைப்பது வழக்கம். அதனால் கழற்றுவதும் மாற்றுவதும் சுலபம்.”

“மலைக் குடிசையில் கிடைத்த தாள்?” என்று கேட்டாள் ராகவி.

“அதுதான் வேடிக்கை. இந்தப் பச்சை நிறம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன்னால் உலகத்திலேயே கிடையாது.”

ராகவி எழுந்து நின்றாள்.

“அதாவது...?”

“உண்மைத் தாளை யாரோ எப்போதோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்ட்வெர்ப் கடைக்காரர் அந்த இடத்துக்கு ஒரு போலியை வரைவித்திருக்கிறார். பழசாகத் தெரிய, காலை ஈரத் துணியால் தேய்த்து அழித்திருக்கிறார். யாரும் முத்தமிட்டுத் தேயவில்லை. பாவம், கப்பல் முதலாளி ஏமாந்துவிட்டார்!”

யோகலிங்கத்தின் வாய் திறந்தது. மூடவில்லை.

ராகவி வெளியே போய் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தாள். திரும்பி வந்தபோது முகத்தை மிகவும் கஷ்டப்பட்டு நேராக வைத்திருந்தாள்.

“ஆர்வித்துக்குச் சொன்னாச்சு.”

“அழுதாரோ?”

“சிரிச்சாராம். இன்னும் நிப்பாட்டேல்லையாம். டொக்டரைக் கூப்பிட்டிருக்கினம்.”

யோகலிங்கம் பயந்து பயந்து மேரியம்மாவைப் பார்த்தார். இரண்டாம் தடவையும் அவரிடமிருந்து ஏதோ பறிபோன மாதிரி அவருக்குத் தோன்றியது.

மேரியம்மா யோசித்தார்.

“அப்ப அது அற்புதம்தான் தம்பி,” என்றார் அமைதியாக. “ஒரு கள்ளக் காலிலை அஞ்சு கள்ள விரல் முளைச்சு, உண்மை வெளியிலை வந்திருக்குது. எங்கடை செபம் இல்லாமல் வேறை என்னண்டு இது நடக்கும்?”

நிபுணர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்!

யோகலிங்கம் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, எனக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ. ஆர்வித் களவெடுத்தது போலி. அதுக்குப் பதிலா வைச்சது போலியின்ரை போலி. கடைசியா வெட்டினதும் அந்தப் போலிதான். அப்ப நான் வேலையையும் துலைச்சுக் கண்டுபிடிச்சது என்ன?”

ராகவி அவர் தோளில் தட்டினாள்.

“கள்ளனை, அங்கிள். இந்தக் கேஸிலை ஒறிஜினல் அந்த ஆள் மட்டும்தான்!”